ஞானாம்பாள் கேட்ட குச்சி ஐஸ்

தேவநாதன் பாலைக் கைவிட்ட கதை திருப்பாதிரிப்புலியூரில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அவரே சொல்லிவிடுவார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்தபோதே 'இயற்கை நல்வாழ்வு மன்றம்' என்று ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தானே தலைவராகி, முதலாம் ஆண்டு விழாவில் தனக்கு 'இயற்கைச் செம்மல்' என்ற பட்டம் கிடைக்க ஏற்பாடு செய்து, அதற்கான சால்வையையும் தானே பேரம் பேசி வாங்கி வந்தவர். பால் கன்றுக்குட்டியின் சொத்து, தேன் தேனீயின் சொத்து, சீனி வெள்ளை நஞ்சு, ஐஸ் என்பது மனிதன் தண்ணீருக்குச் செய்த துரோகம் என்று எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் நாற்பது நிமிடம் பேசுவார். அந்த நாற்பது நிமிடத்தில் அவருடைய அக்கா புஷ்பவள்ளி அடுத்த வீட்டுக்குப் போய்ப் பால் டீ குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து கை தட்டுவாள்.

கூட்டங்களில் அவர் கடைசியாகச் சொல்வது முதல் மனைவி ஞானாம்பாளின் சாவு. சுனாமி வந்த வருஷம், அதற்கு ஆறு மாதம் முன்னால், இரண்டு சிறுநீரகமும் போய்ச் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தண்ணீர்கூட அளந்துதான் கொடுக்க வேண்டும். ஒரு குச்சி ஐஸ் வேண்டுமென்று கேட்டாள். இவர் கீழ வீதிக்கு ஓடினார். வாங்கிக்கொண்டு ஓடி வருவதற்குள் ஐஸ் கரைந்துபோயிற்று, அவளும் போய்விட்டாள். "வெறுங்குச்சியை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினேன்" என்று சொல்லி, மைக்கை விட்டு ஓரடி பின்னால் நகர்வார். பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். எட்டு வருஷத்தில் அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பது அவருக்குக் கைவந்துவிட்டிருந்தது.

இளவரசி இரண்டாம் தாரம். முதுநகர்க்காரி. கல்யாணம் தள்ளிக்கொண்டே போய், முப்பது வயதில் இந்த வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றைக்குச் சமையலறையில் டப்பாக்களில் நகப்பூச்சால் எழுதியிருந்தது: துவரை, கடலை, உளுந்து. ஞானாம்பாளின் கையெழுத்து. துவரை தீர்ந்துபோனால் அந்த டப்பாவில் வேறொன்றைப் போட இளவரசிக்குக் கை வராது. துவரை வாங்கி வரும்வரை அது காலியாகவே இருக்கும்.

ஏழு வருஷமாகியும் அந்தச் சமையலறையில் அவள் தனியாக இருந்ததாக அவளுக்கு நினைவில்லை. பயமென்று சொல்ல முடியாது. கடையில் பின்னால் வரிசையில் நிற்பவள் எதுவும் பேசாமல் நம் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாளே, அது மாதிரி. "இரு அக்கா, முடிச்சிடறேன்" என்று சில நாள் வாய்விட்டே சொல்லிவிடுவாள்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி, வீட்டில் பூவும் பொட்டுமாய்ப் போய்ச் சேர்ந்தவள் பூவாடைக்காரி ஆகிவிடுகிறாள். வருஷத்துக்கொரு முறை அவளுக்குப் படையல் உண்டு. கல்யாணம் என்றால் கட்டாயம் உண்டு. புதுப்புடவை, பூ, வளையல், அவளுக்குப் பிடித்த பண்டம் வைத்துப் பம்பை அடித்துக் கூப்பிட்டால் யார்மேலாவது வந்து இறங்கி உத்தரவு கொடுப்பாள். அந்த உத்தரவு இல்லாமல் பந்தக்கால் நட மாட்டார்கள். படையல் புடவையை இளையதாரம்தான் கட்ட வேண்டும். இளவரசியிடம் அப்படி ஏழு புடவைகள் இருந்தன. ஏழும் செத்தவளின் நிறத்துக்கு எடுத்தவை.

ஞானாம்பாள் வழக்கமாக இறங்குவது புஷ்பவள்ளிமேல்தான். செத்த பிறகு அவளுக்கு ருசி மாறிவிட்டிருந்தது. உயிரோடிருந்தபோது தொட்டுக்கூடப் பார்க்காத சோமாஸைப் போன வருஷம் கேட்டு வாங்கினாள். புஷ்பவள்ளிக்குச் சோமாஸ் பிடிக்கும்.

2012ஆம் வருஷம் மே மாதம், ஞானாம்பாளின் மகள் அனுப்பிரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை செம்பியன், கம்மாபுரம் சடையப்பனின் மகன். நெய்வேலியில் வேலை. இடத்தைப் பார்த்துக் கொண்டுவந்தவள் இளவரசி. பத்து நாள்தான் இருந்தது. கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகை மூலைகளில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"படையலுக்குச் சோமாஸே போட்டுறலாம்டா தம்பி. அதுன்னா அவளுக்கு உசுரு" என்றாள் புஷ்பவள்ளி.

"எங்கம்மா சோமாஸே துன்னதில்ல அத்தை" என்றாள் அனுப்பிரியா.

"உனக்கு என்னாடி தெரியும். போன வருஷம் அவளே வாயத் தொறந்து கேட்டா."

"அது உங்க வாயி."

இளவரசி சிரிப்பை அடக்கப் பத்திரிகைக் கட்டைக் குனிந்து எண்ணினாள்.

"அம்மாவுக்குக் குச்சி ஐஸ் வைக்கணும். ஆரஞ்சு ஐஸ்" என்றாள் அனுப்பிரியா, நிமிராமல்.

தேவநாதனின் விரல் மூலையை விட்டு நகர்ந்து, செம்பியன் என்ற பெயரின் மேல் போய் நின்றது. எடுத்துப் பார்த்தால் மாப்பிள்ளை பெயர்மேல் மஞ்சள் ரேகை. அவர் முகம் வெளுத்ததை இளவரசி கவனித்தாள். பழைய துக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

தேவநாதன் அந்தப் பத்திரிகையைத் தனியாக எடுத்து வைத்தார். "கடை ஐஸெல்லாம் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. சாயத்தண்ணி, சாக்கரின். வேணும்னா வீட்டுலயே பழத்துல செய்யட்டும். பால் கூடாது. தேன் கூடாது. சீனி கூடாது."

"எசன்ஸு?" என்றாள் புஷ்பவள்ளி.

"அதத் தார்ல இருந்து எடுக்கறாங்கக்கா."

"அப்பறம் மிச்சம் என்னாடா இருக்குது. குச்சி மட்டுந்தான்."

இத்தனை கூடாதுகளைப் போட்டால் பேச்சு அதோடு படுத்துவிடும் என்று தேவநாதன் நினைத்திருக்க வேண்டும். அனுப்பிரியா எழுந்தாள். "பழத்துலயே செய்யலாம். அத வச்சாத்தான் நான் மாலைக்கு நிப்பேன்."

குரல் உயரவில்லை. உயராததுதான் இளவரசியைப் பயமுறுத்தியது. கல்யாணம் நின்றால் ஊர் தேவநாதனைக் கேட்காது. மூத்தாள் பெண்ணின் வாழ்க்கையைச் சித்தி கெடுத்தாள் என்று கோயில் வாசல் பூக்காரியிலிருந்து சொல்லத் தொடங்குவார்கள். அதைவிட, இந்தப் பெண் சொன்னால் சொன்னபடி செய்வாள்.

கமலா ஆரஞ்சுக்கு அது காலமில்லை. தானே புயல் ஐந்து மாதத்துக்கு முன்னால் பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவையெல்லாம் வேரோடு சாய்த்துப் போட்டிருந்ததால் மார்க்கெட்டில் மற்றப் பழமும் யானை விலை. சாத்துக்குடியும் நாலு மாம்பழமும் வாங்கி வந்தாள் இளவரசி. புளிப்புக்குச் சாத்துக்குடி, நிறத்துக்கு மாம்பழம். வெறும் சாற்றை உறைய வைத்தால் பல் உடைகிற மாதிரி கல்லாகும். கூழ் கலந்தால் கடிக்க வரும். சீனி கூடாதென்று நாட்டுச்சர்க்கரையைப் போட்டாள். மஞ்சளாக இருந்தது வாய்க்கால் தண்ணீர் நிறமாயிற்று. எட்டு டம்ளரில் ஊற்றி ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள்.

அந்த வருஷத்துக் கரண்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரம் இருக்கும், மூன்று மணி நேரம் இருக்காது. ஓரம் இறுகுவதற்குள் போய்விடும். நடுப்பகுதி ஆடிக்கொண்டே இருக்கும். கரண்ட் வரும்போது, ஞானாம்பாள் தவணையில் வாங்கிய அந்தப் பழைய பிரிட்ஜ் ஒரு முறை உடம்பைக் குலுக்கித் தொண்டையைச் செருமும். புதன்கிழமை முழுக்க, செருமல் கேட்கும்போதெல்லாம் இளவரசி ஓடிப்போய்க் கதவைத் திறந்து, தண்ணீராகிவிட்ட ஐஸைப் பார்த்துவிட்டு மூடினாள்.

வியாழக்கிழமையும் அப்படித்தான். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தாள். அன்றைக்குத்தான் ஒரு விநோதம் தொடங்கியது. அவளுக்குத் தாகம். சொம்பு சொம்பாகக் குடித்தாள், அடங்கவில்லை. உதடு வெடித்து எரிந்தது. வெயில்தான் காரணமென்று அவளே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ஐஸ் பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொருத்தியும் எட்டிப் பார்ப்பதாகத் தோன்றியது. "ஆவல அக்கா, இன்னும் ஆவல" என்று முணுமுணுத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு வைத்ததும் படையல். காலையிலேயே கரண்ட் போனது. கம்பம் சாய்ந்துவிட்டது, ராத்திரிக்குத்தான் வருமென்றார்கள். இளவரசி தம்பி கலியமூர்த்திக்குப் போன் போட்டாள். முதுநகர்த் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் அவனுக்கு வேலை. படகுகளுக்கு ஐஸ் ஏற்றுவான். மத்தியானம் இரண்டு மணிக்கு டி.வி.எஸ். ஐம்பதில் சாக்கும் உமியும் சுற்றிய அரை ஐஸ் பார் வந்து இறங்கியது. வழி நெடுக ஒழுகிய தண்ணீர் தெருமுனை வரைக்கும் கோடு போட்டிருந்தது.

"என்னாக்கா, மாமா வூட்ல ஐஸு போடறீங்களாமே. முதுநகர்ல சொன்னா ஒருத்தனும் நம்பல."

"வாய மூடிக்கினு எறக்குடா."

தேவநாதன் வாசலில் கை நீட்டி மறித்தார். "நில்லு மச்சான். இது மீன் ஐஸ்தான?"

"ஐஸ்ல என்னா மாமா மீன் ஐஸு, மோர் ஐஸு. தண்ணிதான்."

"மீனுக்குப் போடறது. புலால் பட்டது. இயற்கைக்கு விரோதம்."

"காத்தால பத்து மணிக்கு டின்னுல இருந்து உருவுனது மாமா. இதுமேல படவேண்டிய மீனு இன்னும் கடல்ல சுத்திக்கினு இருக்குது."

"இது ஐஸுக்குள்ள போவாதுங்க. வெளியில சுத்திதான் போடப்போறேன்" என்றாள் இளவரசி. தேவநாதன் இரண்டையும் யோசித்து, பதிலுக்குத் தலைப்பு கிடைக்காமல், உள்ளே போய்விட்டார். லோடு இருக்கிறதென்று கலியமூர்த்தியும் கிளம்பினான்.

கொல்லையில் முருங்கை நிழலில் வேலை நடந்தது. சாக்கோடு வைத்து அம்மிக்குழவியால் ஐஸை அடித்து நொறுக்கினாள். அன்னக்கூடையில் ஒரு வரிசை ஐஸ், மேலே இரண்டு கை கல்லுப்பு, மறுபடி ஐஸ், மறுபடி உப்பு. உப்பு விழுந்த ஐஸ் கரையும்போது பிரிட்ஜைவிட அதிகமாகக் குளிரும். முதுநகர்ப் பிள்ளைகளுக்கு இது நடை பழகும்போதே தெரியும். டம்ளர்களைக் கழுத்து வரை புதைத்தாள். ஒவ்வொன்றின் வாயிலும் வாழை இலைத் துண்டு, சுற்றி நூல், நடுவில் ஒரு கீறல், கீறலில் சீவிய மூங்கில் குச்சி. இலை பிடித்துக்கொள்வதால் குச்சி சாயாமல் நிற்கும். இனி டம்ளரைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் ஓரம் கட்டி, நடு தண்ணீர்.

விரல் மரத்துப்போனபோது எதிரில் அனுப்பிரியா வந்து குந்தினாள். நாலு டம்ளரைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள். உப்பும் ஐஸும் நறநறவென்று அரைபட்டன.

"சித்தி. அந்த ஐஸு கரையல."

"எந்த ஐஸு?"

"அப்பா வாங்கினு வந்தது."

இளவரசி திருகுவதை நிறுத்தினாள். "சுத்துங்க, கட்டிக்கும்" என்றாள் அனுப்பிரியா. பிறகு டம்ளரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நர்ஸம்மாவேதான் சொன்னாங்க, ஒரு ஐஸு வாங்கியாங்க, வாயாவது நனையட்டும்னு. இவரு போனாரு. அம்மா வாசலையே பாத்துக்கினு இருந்தாங்க. நான் துணிய நனச்சி ஒதட்டுல வச்சிக்கினே இருந்தேன். அத வேணாம்னு தலைய ஆட்டனாங்க, ஐஸு வருதில்ல, அதுக்கு வாய வச்சிருக்கணுமாம். இவரு வந்தப்ப அம்மா போயி கால் மணி நேரம் ஆயிட்டுது. வெறுங்குச்சியத் தூக்கிக் காட்டிக்கினு வாயத் தொறந்து அழுதாரு. நாக்கெல்லாம் ஆரஞ்சு."

முருங்கை மரத்தில் அணில் ஒன்று கத்திக்கொண்டே இருந்தது.

"யார்கிட்டயாவது சொன்னியாடி?"

"இல்ல. எட்டு வருஷமா அவரு மைக்ல பேசறப்பெல்லாம் நான் நாக்கத்தான் பாக்கறேன்."

"இப்ப என்னா செய்யணுங்கற?"

"அம்மா முன்னால நெசத்தச் சொல்லணும். பொய்ய நடுவுல வச்சிக்கினு எப்பிடி சித்தி உத்தரவு கேக்கறது?"

"நீயே நேருக்கு நேர் கேட்டுறேன்."

"நான் கேட்டா பேசுவாரு. நாப்பது நிமிஷம்."

இளவரசிக்கு ஆச்சரியமே வரவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏழு வருஷமாக அந்த வெறுங்குச்சிக்காக எத்தனை தடவை கண்ணைத் துடைத்திருப்பாள். சமையலறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கம்மாபுரத்திலிருந்து சடையப்பனும் அவர் சம்சாரமும் காரில் வந்து இறங்கினார்கள். கரண்ட் இல்லாத கூடத்தில் குத்துவிளக்கு. ஞானாம்பாளின் படத்துக்கு முன்னால் கலசத்துக்குப் பச்சைப் புடவை கொசுவி உடுத்தி, பூச்சரம் சுற்றி வைத்திருந்தது. தலைவாழை இலையில் தேங்காய்ப்பால் பாயசம், வடை, பழம். நடுவில் எவர்சில்வர் தட்டில் எட்டு ஐஸ். டம்ளரை வெந்நீரில் ஒரு முக்கு முக்கி உருவியதில் ஒன்றும் உடையவில்லை. நிறம்கூடக் கடைசியில் கூடிவந்திருந்தது. சடையப்பன் அதைப் பார்த்துவிட்டுச் சம்சாரத்தைப் பார்த்தார். அந்தம்மாள் கண்ணாலேயே பேசாமல் இருக்கச் சொன்னாள்.

பம்பை அதிர்ந்தது. புஷ்பவள்ளி வழக்கமான தூணில் சாய்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டு, மெல்ல ஆடத் தொடங்கினாள். இன்னும் இரண்டு நிமிடத்தில் இறங்கியிருப்பாள். ஆனால் தேவநாதன், புதுச் சம்பந்திகள் இருவர் கைகட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். கையை உயர்த்திப் பம்பையை நிறுத்தினார்.

"சம்மந்திக்குத் தெரியணும். இந்த ஐஸுக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்குது" என்று ஆரம்பித்தார். புஷ்பவள்ளி ஆடுவதா நிறுத்துவதா என்று தெரியாமல் பாதியில் நின்றாள். சிதம்பரம் வந்தது, கீழ வீதி வந்தது, வெயில் வந்தது. "ஓடறேன். என் கண்ணெதிர்ல கரையுது. ஒவ்வொரு சொட்டும் அவ உசுரு மாதிரி..."

அனுப்பிரியா சுவரோரம் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையிலிருந்த பூச்சரத்தைக் கழற்றிக் கையில் சுருட்டினாள். உள்ளே போகப் போகிறாள், போனால் வரமாட்டாள் என்று இளவரசிக்குப் புரிந்தது. தட்டில் ஐஸ் வியர்க்க ஆரம்பித்திருந்தது. தட்டை விளக்கை விட்டுத் தள்ளி நகர்த்தத்தான் அவள் குனிந்தாள். 'ஐஸ் கரையுதுங்க, சீக்கிரம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"நல்லா இருந்துச்சா, அனு அப்பா?"

யாரும் அலறவில்லை. விளக்குகூட ஆடவில்லை. கேட்டவள் குரலில் கோபமில்லை. ஊருக்குப் போய் வந்தவனிடம் சாப்பாடு எப்படியென்று விசாரிக்கிற குரல்.

இளவரசி அவரை 'ஏங்க' என்பாள், இல்லாவிட்டால் வெறுமனே எதிரில் போய் நிற்பாள். ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட 'அனு அப்பா' என்று கூப்பிட்டதில்லை. அது இன்னொருத்தி கூப்பிட்டது என்று அவளுக்கு யாரும் சொன்னதுமில்லை.

தேவநாதனின் உயர்ந்த கை அங்கேயே நின்றது. அப்புறம் அது தானாக இறங்கியது. தரையில் உட்கார்ந்தார்.

"ஞானம்" என்றார். "ஒழுவுச்சி ஞானம். கையில ஒழுவுச்சி. ஒழுவறத மட்டுந்தான் நக்குனேன். முந்தன நாள் மத்தியானத்துல இருந்து நான் ஒண்ணுமே துன்னல. தெக்கு வீதி திரும்பறதுக்குள்ள பாதி ஆயிட்டுது. பாதிய எப்பிடி உன் கையில குடுக்கறதுன்னு நின்னேன். நின்னுக்கினே..." மூச்சு வாங்கினார். "நல்லா இருந்துச்சி. அதான் ஞானம். ரொம்ப நல்லா இருந்துச்சி."

அவர் வாழ்க்கையில் பேசிய மிகச் சின்ன உரை அது. முடிவில் கை தட்ட யாருக்கும் தோன்றவில்லை.

சடையப்பன் தொண்டையைக் கனைத்தார். "அந்த வெயில்ல யாரா இருந்தாலும் துன்னுட்டுருப்பாங்க சம்மந்தி" என்றார். சம்சாரம் தொடையில் கிள்ளினாள்.

பம்பைக்காரர் புஷ்பவள்ளியிடம், "ஆத்தா உத்தரவு குடுத்துட்டாளா?" என்று கேட்டார். புஷ்பவள்ளி அவசரமாகக் கொண்டையை முடிந்தாள். "என்னக் கேக்காதீங்க. என்மேல வல்ல."

எல்லாரும் இளவரசியைப் பார்த்தார்கள். அவள் தட்டைப் பிடித்தபடி குனிந்தே இருந்தாள்.

அனுப்பிரியா வந்தாள். தட்டிலிருந்து ஒரு ஐஸை எடுத்துப் படத்தருகே இலையில் வைத்தாள். இன்னொன்றை எடுத்து அப்பாவின் எதிரில் குந்தி நீட்டினாள்.

"சாப்புடுப்பா. கரையுது."

வாங்கிக்கொண்டார். வேண்டாமென்று சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. அத்தனை பேர் பார்க்க, சட்டையெல்லாம் சொட்ட, குச்சிவரைக்கும் தின்றார். அது தண்டனையா சாப்பாடா என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. தின்றவருக்குத் தெரிந்திருக்கலாம்.

சமையலறை இருட்டில் இளவரசி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அனுப்பிரியா வாசற்படியில் நின்று கேட்டாள்.

"சித்தி, கேட்டது நீங்களா, அம்மாவா?"

"வாயி என்னுதுதான்டி. அதுக்குமேல எனக்குத் தெரியல."

அனுப்பிரியா சுருட்டியிருந்த பூச்சரத்தைப் பிரித்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டாள். "அத்தை வெளியில கேட்டுக்கினு இருக்காங்க. உத்தரவு ஆயிட்டுதுன்னு சொல்லிடறேன். அடுத்த வாரம் மருதாணி வைக்க ஆள் வருது, நீங்களும் கைய நீட்டுங்க."

அவள் போனதும் இளவரசிக்கு ஒரு வாரத்துப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கூடத்தில் பந்தக்கால் எப்போது நடுவதென்று சடையப்பன் பேசுவது கேட்டது, யாரோ சிரித்தார்கள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சமையலறையில் அவளைத் தவிர யாருமில்லை. பின்னால் வரிசையில் நின்றவள் போய்விட்டிருந்தாள்.

தேவநாதன் வாசற்படிக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் வீங்கியிருந்தது. இருட்டில் அவளை உற்றுப் பார்த்தார். அவர் அப்படி அவளைப் பார்த்ததே இல்லை.

"கொஞ்சம் தண்ணி குடு, ஞானம்" என்றார்.

இளவரசி திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள். வெறும் சுவர்தான் இருந்தது. சரிதான், கூப்பிட்டது தன்னைத்தான் என்று சொம்பை எடுத்தாள்.